முடிச்சு விட்ட பயிற்சி

அக்கா, உங்கள் பெயருக்கு ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. பிரிண்டர் சூடுகூட இன்னும் ஆறவில்லை. 'வாழ்நாள் கற்றல் பயிற்சி, நூற்றுக்கு நூறு' என்று தங்க நிற எழுத்து. நீங்கள் இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. சின்ன வயதில் பதினைந்து வருஷம் படித்தால் போதும் என்றிருந்த காலம் போய், சாகிற வரை படி என்றார்கள். நம் ஆஸ்பத்திரி அதையும் தாண்டிவிட்டது.

மருந்து ஏற்றும் பம்ப் வந்த அன்று, பயிற்சி கொடுக்க வந்த டை கட்டிய பிரகஸ்பதி மிஷினைத் தொடவே இல்லை.

"கொழந்தைக்கு எப்புடி வைக்கிறதுன்னு ஒருக்கா தொட்டுக் காட்டுங்க சார்" என்று கேட்டீர்கள்.

"பதினெட்டாவது ஸ்லைடுல இருக்கு மேடம்."

"ஸ்லைடா சார் மருந்து ஏத்தும்?"

கீரனூரிலிருந்து பஸ்ஸேறி வரும், பத்தாவது படித்த உதவியாளருக்கு வாயைப் பார் என்று எல்லோரும் சிரித்தோம். நாலு வருஷம் நர்சிங் படித்த நான்தான் முதலில் சிரித்தேன்.

அப்புறம் மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி, முடிவில் தேர்வு என்றார்கள்; அதற்கான விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. "பாஸ்வேர்டு குடுங்கக்கா, ஒங்களுக்கும் முடிச்சு விடுறேன்" என்றேன்.

"நீ போடுறதுதான்டி முடிச்சு. நான் அவுக்கப் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டைக் கொடுத்தீர்கள். கம்பெனி மெக்கானிக் வந்தால் டீ குடிக்கக்கூட விடாமல் அவரைக் கேள்வி கேட்டுக் குடைவீர்கள். நான் மாதாமாதம் இரண்டு பேருக்கும் பட்டனை அமுக்கினேன். நீங்கள் போன பிறகும் பழக்கதோஷத்தில் அமுக்கியிருக்கிறேன். கருமம்.

நேற்றுக் காலை குழந்தை வார்டில் பம்ப் கத்தியது. நூற்றுக்கு நூறு வாங்கிய நான் நேரே மூடியைத் திறக்கப் போனேன். பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிய சீட்டு: 'மொதல்ல ட்யூபை அடைக்கணும். அப்பறந்தான் மூடி. இல்லேன்னா மருந்து மொத்தமா எறங்கிரும்.' மூடியிலிருந்து கையை எடுத்து ட்யூபை அடைத்தேன். குழந்தையின் அம்மா எனக்கு நன்றி சொன்னாள். வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று ஆபீசில், "அந்த மேடம் பேருல அடுத்த ட்ரெய்னிங் பாக்கி நிக்குதே, நீங்களே முடிச்சு விட்டுருங்க" என்றார்கள். நீங்கள் இல்லாதது அந்த மண்டைகளில் இன்னும் ஏறவில்லை.

"அவங்க படிச்சு முடிச்சிட்டாங்க. நான்தான் பாக்கி" என்றேன்.

சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, மெக்கானிக் அடுத்து என்றைக்கு வருவார் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.