பதினோரு மணி நேரப் பயணம்

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். போனில் கேட்டால் 'சிக்னல் இல்லை' என்று நழுவுவீர்கள். அதனால்தான் உங்கள் அறை விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுப்போன சட்டையைத் துவைத்தேன். பையில் விமானச் சீட்டின் துண்டு. ஊர்ப் பெயர் தண்ணீரில் அழிந்துவிட்டது. கிளம்பிய நேரம் காலை 7.10 என்பது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. இங்கே நீங்கள் இறங்கியது அன்றே 10.40. நான் விமான நிலையத்து வாசலில்தான் நின்றேன்.

ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எப்படிக் கணக்குப் போட்டாலும் மூன்றரை மணி நேரம்தான் வருகிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கும் என்னிடம், எந்த டிரைவர் வழியில் வண்டியை நிறுத்தினான் என்று கேட்டால் நேரத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நீங்கள் எங்கே ஏறினீர்கள்?

போன வருஷம் என் ஆபரேஷனுக்கு வர முடியாது என்றதும் இந்தப் பதினோரு மணி நேரத்தைக் காட்டித்தானே.

உங்கள்
சிடுமூஞ்சி

ஜூன் 20

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவனைப் போலீஸ் மாதிரி குடைகிறாயே. இங்கே கடிகாரம் நம்ம ஊரைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பதினொன்றில் ஏழரை போனால் மூன்றரை. விமானம் உன் டவுன் பஸ் இல்லை தாயே. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
ஊர்சுற்றி

ஜூலை 1

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது. கண்டக்டர் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்தான், "வர்றப்ப சரி, போறப்ப எவ்வளவு ஆச்சு? அதையும் பாரேன்" என்றார்.

பார்த்தேன். திரும்பிப் போன அன்று உங்கள் விமானம் இங்கே பகல் ஒரு மணிக்குக் கிளம்பியது. சாயங்காலம் இங்கே ஆறு அடிக்கும்போது, "ரூமுக்கு வந்துட்டேன், குளிக்கப் போறேன்" என்று போன் செய்தீர்கள். உங்கள் கணக்குப்படி அந்நேரம் நீங்கள் ஆகாயத்தில் இருக்க வேண்டும்.

அங்கே யாரோடு இருக்கிறீர்கள்? யாராயிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சிடுமூஞ்சி

ஜூலை 24

அன்புள்ளவளுக்கு,

பாப்பா மேல் சத்தியமாக வேறு யாரும் இல்லை. அந்த வேலை போய் இரண்டு வருஷமாகிறது. அப்போதிருந்து நான் இருப்பது நடுவழியில், உங்களுக்குப் பக்கமாக இன்னொரு ஊர், சின்ன வேலை. உன் கடிதங்களைப் பழைய அறைத் தோழன்தான் எனக்கு அனுப்பி வைக்கிறான்.

பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தால் மாசாமாசம் வரச் சொல்வாய். வந்தால் வேலை போனதைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. உன் ஆபரேஷன் அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தேன்.

இனி மாசம் தவறாமல் வருவேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். புது விலாசம் கீழே இருக்கிறது.

உன்
ஊர்சுற்றி

ஜூலை 31

பாப்பாவின் அப்பாவுக்கு,

இன்னொருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தால் நாலு திட்டு திட்டி, அழுது தீர்த்திருப்பேன். வேலை போனதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லை.

ஆபரேஷன் அன்றைக்குப் பதினொன்றரைக்குத்தான் என்னை உள்ளே கொண்டு போனார்கள். அந்த 10.40 விமானத்தில் நீங்கள் வந்து இறங்கியிருக்கலாம். காகிதத்தில் கையெழுத்துப் போட வீட்டு ஆள் யாரும் இல்லையா என்று நர்ஸ் கேட்டார். பாப்பாதான் பதில் சொன்னாள், "அப்பா ரொம்ப தூரத்துல இருக்காரு, கிளம்பினாலும் வந்து சேர முடியாது." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீங்கள் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

பாப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நீங்கள் இன்னும் வர நினைத்தும் வர முடியாத அப்பாதான். அப்படியே இருந்துவிடுங்கள்.

பாப்பாவின் அம்மா