பதினேழு கிராம் அம்மோனியா

என் ஆசை நைனாவுக்கு,

அங்கேயாவது உனக்கு மூச்சு சரியாக வருகிறதா?

உன்னை எடுத்த அன்று ஐஸ் கம்பெனி முதலாளி வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு அம்மாவிடம், “கேஸ் கொஞ்சம்தாம்மா லீக்காச்சு. எல்லாம் ஓடிட்டானுங்க, இவன்தான் அங்கியே நின்னுகினு இருந்தான்” என்றார். நீ சும்மா நிற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் வெளியேறும்வரை வால்வை மூடப் போராடினாய் என்று உன்னோடு வேலை பார்த்த முருகேசன் மாமா எங்களிடம் சொல்லியிருந்தார். முதலாளி எதிரில் அதைச் சொல்லச் சொன்னேன். மாமா முதலாளிக்கு நாற்காலி எடுத்துவரப் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். பிளஸ் ஒன் வேதியியலில் மோல் பாடம். என்னைப் பார்த்ததும் சார் கரும்பலகையில் அம்மோனியா என்று எழுதினார்.

“நீ வாம்மா. உங்க வீட்டுக்குப் பழக்கமான கேஸ்தானே? ஒரு மோல்ல எத்தனை எலக்ட்ரான்? போடு.”

பின்வரிசையில் சிரித்தார்கள்.

நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான், மூன்று ஹைட்ரஜனுக்கு மூன்று. ஆக, ஒரு மூலக்கூறில் பத்து. ஒரு மோல் என்றால் வெறும் பதினேழு கிராம்தான் நைனா, கைக்குள் அடங்கும் எடை. ஆனால் அதற்குள் அவகாட்ரோ எண் அளவுக்கு மூலக்கூறுகள். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கி 6.022 × 10²⁴ என்று எழுதினேன். உன் நெஞ்சுக்குள் எத்தனை மோல் போயிருக்கும்?

“கரெக்ட். போய் உக்காரு.”

நான் நகரவில்லை. “சார், அன்னிக்கு எவ்ளோ கேஸ் வந்துச்சுன்னு எப்டி சார் கண்டுபிடிக்கிறது?”

“அது சிலபஸ்ல இல்ல” என்று விடையை அழித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா இப்போது அதே கம்பெனியில் ஐஸ் உடைக்கிறாள். கூப்பிட்டு வேலை கொடுத்ததே பெரிய மனசு என்று காசிமேட்டில் எல்லாரும் முதலாளியைப் புகழ்கிறார்கள். நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். அன்று கேஸ் கசிந்த குழாயில் சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த நாற்றம் இன்னும் கீது.

“வேணாம்மா, வா போலாம்” என்றேன்.

“போயி இன்னாத்த துன்றது? உன்னிய யாரு படிக்க வெக்கிறது?” என்றாள். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு.

நீ இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாய். திங்கட்கிழமையிலிருந்து நான் இறால் உரிக்கப் போகிறேன். இனி வர மாட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இனி அந்தக் குழாய்க்குக் கீழே அம்மாவை நிற்கவிட மாட்டேன் நைனா. இது சத்தியம்.

உன் ஒரே மகள்,
செல்வி