கியோமிசு கோவிலில் எடுத்த படம்

தின்கன்ஜூன்,
யாங்கோன்.

என் மகள் தமிழரசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அப்பாவும் சுகம், கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. வந்ததும் இந்தத் தாள்களைப் படம் எடுத்து வைபரில் அனுப்புவேன். தமிழில்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் உன்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. பயப்படாதே.

நான் ஜப்பானுக்கு வருகிறேன் என்றதும், அந்த வாரம் முழுக்க ஹொக்கைடோவில் கம்பெனி வேலை, லீவு கிடையாது என்று செய்தி அனுப்பினாய். நம்பினேன். உன்னைப் பார்க்க முடியாவிட்டாலும் நீ இருக்கிற நாட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று பக்கத்து வீட்டு ரேவதியோடு ஒரு சுற்றுலாக் குழுவில் கிளம்பினேன். பஸ்ஸில் மற்றவர்கள் எல்லாம் பர்மாக்காரர்கள், புத்தர் கோவில்களைக் கும்பிட வந்தவர்கள். உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சங்கிலியை விற்றுத்தான் வந்தேன். அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

முதலில் ஹிமேஜி கோட்டை. வெள்ளை வெளேரென்று நிற்கிறது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். மரப்படிகள் ஏணி மாதிரி செங்குத்து. மேலே போய்க் காற்று முகத்தில் அடித்தபோது, அரசி இதையெல்லாம் பார்த்திருப்பாளா, வேலை வேலை என்று கிடக்கிறாளே என்று ரேவதியிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

மறுநாள் கியோத்தோ. கியோமிசு கோவிலில், பள்ளத்தாக்கின் மேல் மரத்தாலேயே கட்டின பெரிய மேடை. கீழே மரமெல்லாம் சிவந்து கிடந்தது. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் மா தீரி, தூரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கோபுரத்தைக் காட்டி, பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிற இடம் என்றாள். பிறகு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, அந்தப் பக்கமாக வந்த ஒரு குடும்பத்தை நிறுத்தி, ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். வயதான தம்பதி, ஒரு வாலிபன், வயிறு தள்ளிய ஒரு பெண். அந்த அம்மாள் சிரித்தபடி போனை வாங்கி மருமகளிடம் கொடுத்தார்.

நீ முதலில் போனைப் பார்த்தாய். பிறகு எங்களைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். இல்லை என்று எழுதாதே.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் நீ ஜப்பான் மொழியில் எண்ணத் தொடங்கிவிட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் நானும் சிரிக்கிறேன். இரண்டு கையாலும் போனைத் திருப்பிக் கொடுத்து, எங்கள் எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாய், எனக்கும் சேர்த்து. நானும் குனிந்தேன். நிமிர்வதற்குள் நீ திரும்பி நடந்துவிட்டாய்.

உன் மாமியார் மட்டும் மா தீரியோடு நின்று கொஞ்சம் பேசினார். பஸ்ஸில் ஏறியதும் மா தீரி மைக்கில் சொன்னாள்: “படம் எடுத்த பொண்ணு நம்ம நாடுதானாம். பாவம், அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்துட்டாங்களாம், வேற யாருமே இல்லையாம். அதனால மாமியாரே மகள் மாதிரி எல்லாக் கோவிலுக்கும் கூட்டிட்டுப் போறாங்களாம்.” பஸ் முழுக்க “அமலே!” என்று பரிதாபப்பட்டது. பக்கத்து சீட்டுக் கிழவி என் கையைத் தட்டி, கொடுத்து வைத்த பெண் என்றாள். ஆமாம் என்றேன்.

ரேவதி மெதுவாகக் கேட்டாள்: “சாந்தாக்கா, அது நம்ம அரசி இல்ல?”

“அரசி ஹொக்கைடோவில இருக்கா” என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஒரு மிட்டாயைப் பிரித்து என் கையில் வைத்தாள்.

நாராவில் பெரிய புத்தருக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து ஓதினார்கள். எனக்குக் கை கூப்ப வரவில்லை. வெளியே மான்கள் வந்து பையை முட்டின. அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி அப்பா தன் கையால் வறுத்துக் கொடுத்த பாலச்சாவ் இறால்பொடி அதில் இருந்தது. மா தீரியிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே அப்பா கேட்டார்: “பாப்பாவைப் பாத்தியா?” பார்க்க முடியவில்லை என்றேன். போன் எடுத்தாளா என்றார். எடுத்தாள், நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் அந்தக் கோவில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, இதை எடுத்தவர்கள் நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்றார்.

ஜப்பான்காரனை வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று பயந்தாயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எங்களை அவர்களுக்குக் காட்ட வெட்கமா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அரசி. ஆனால் எங்களை என்றைக்குச் சாகடித்தாய்? போன தீபாவளிக்குப் போனில் அப்பாவோடு அவ்வளவு நேரம் சிரித்துப் பேசினாயே, அதற்கு முன்பா, பின்பா?

உன்னிடம் பதில் கேட்கவில்லை. உன் வீட்டில் யாரிடமும் எதையும் சொல்லவும் மாட்டேன். படியிறங்கும்போது உன் மாமியார் உன் முழங்கையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஆனாலும் நல்ல பிடி. அந்தக் கையை விடாதே. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிரும் நல்லபடி பிழைத்து எழ வேண்டும். கும்பிட வராத கையை இன்று கூப்பிக் கேட்டுக்கொண்டேன். வலி எடுக்கும்போது உன்னை அறியாமல் அம்மா என்று கத்த வரும். அப்போது மட்டும் அடக்கிக்கொள்ளாதே. கத்து.

இப்படிக்கு,
சாந்தகுமாரி