நார்ஃபோக் மீனவனாகத் தொங்கிய மாப்பிள்ளைக்கு

பாசத்துக்குரிய மாப்பிள்ளை சேதுவுக்கு,

போன இடத்தில் ஏசி இருக்கிறதா? அஜ்மான் ரூமில் உன் கட்டிலில் இப்போது ஒரு தென்காசிக்காரன் படுக்கிறான். குறட்டையில் உன் பக்கத்தில்கூட வரமாட்டான். துபாய் நடுரோட்டில் தூண் நட்டு அதன்மேல் ரயில் விடப்போகிறார்கள். எந்த இடத்தில் நடலாம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். அது கிடக்கட்டும். இன்று நான் எழுத வந்தது அந்த வெள்ளைக்காரப் போட்டோக்களைப் பற்றி.

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நானும் என் தங்கை பாக்கியத்தின் புருஷனான இந்தச் சேதுவும் துபாய் தேராவில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் கடையில் வேலை பார்த்தோம். ஷேக்மாரின் குதிரை, ஒட்டகம், ராஜாளி எல்லாம் என் கையால்தான் சட்டத்துக்குள் போயின. ஒரு ஷேக் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நீயே பார்த்தாய். பார்க்கவில்லை என்றால் அன்று உனக்கு லீவு.

ஒருநாள் பெரிய ஹோட்டல் ஒன்றிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய போட்டோக்கள் வந்தன. இங்கிலாந்தில் நார்ஃபோக் என்று ஒரு மாவட்டமாம். அந்த ஊரின் வீடு வாசல், கடைத்தெரு எல்லாவற்றையும் ஹோட்டல் பாரில் மாட்ட வேண்டுமாம்.

என்ன இருந்தது அதில்? சேறு பிடித்த தெரு. இறக்கை ஒடிந்த காற்றாலை. ரொட்டிக்கடை வாசலில் ஒரு குண்டன், குளித்து ஒரு மாசம் ஆன முகத்தோடு. அப்புறம் கூரை வீடு, கூரை வீடு, கூரை வீடு. நம் பக்கம் கூரை வீட்டைப் போட்டோ எடுத்தால் புயல் நிவாரணத்துக்கு மனுப் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். இவர்கள் அதற்குத் தேக்குச் சட்டம் போட்டு, அடியில் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். இந்தப் பரதேசிகளா நம்மை ஆண்டார்கள் என்று நான் கேட்டதற்கு, பசை டப்பாவைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சிரிப்பு ஏசியில் தண்ணீர் சொட்டுகிற வரைக்கும்தான். காலையில் வந்து பார்த்தால் ஒரு படம் ஊறிப்போய்க் கிடந்தது. கடலோரம், குடிசை, படகு, வலை பின்னும் மீனவன் இருந்த படம். முதலாளி அர்பாப் பார்த்தால் விசாவைக் கேன்சல் பண்ணி இரண்டு பேரையும் ஊருக்கு ஏற்றிவிடுவான். எனக்குப் பயமில்லை, அன்று ராத்திரி பெட்டியை மட்டும் கட்டி வைத்தேன். நீதான் மறுநாள் ரூமிலிருந்து உன் படத்தைக் கொண்டுவந்தாய். கல்யாணமான புதிதில் ராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதே குடிசை, அதே படகு, தலையில் துண்டோடு குனிந்து வலை பின்னும் நீ.

“அவனும் வலை பின்னுறான், நானும் பின்னுறேன். இவனுக கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது மச்சான்?” என்றாய்.

பால் ஊற்றாத சுலைமானி டீயில் முக்கி எடுத்தாய், நூறு வயசு ஏறிவிட்டது. ஓரத்தில் ஒரு பனைமரம். நார்ஃபோக்கில் பனைமரம் ஏது? படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை அகலமாக வெட்டி மரத்தை மறைத்தாய். மரத்தடியில் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாக்கியமும் அட்டைக்குள் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஒரே படம் அதுதான். அவள் கேட்டபோதெல்லாம், பத்திரமாக இருக்கிறது என்றாய். பொய் இல்லை. பத்திரமாகத்தான் இருந்தாய், நார்ஃபோக்கில்.

இத்தனை வருஷமாக உன்னடியில் உட்கார்ந்து எத்தனை துரைமார் குடித்திருப்பார்கள்! ஒருத்தனாவது உன் முகத்தை உற்றுப் பார்த்தானா? கண் எதற்கு இவர்களுக்கு, கூலிங்கிளாஸ் மாட்டவா?

நீ கண்ணை மூடி வருஷம் திரும்புகிறது. லேபர் கார்டில் இருந்த உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினேன். பாக்கியம் மாட்டவில்லை. போனில் சொன்னாள்: “இது அவுக மூஞ்சியே இல்லண்ணே. யாரோ அதட்டி உக்கார வச்ச மாதிரி இருக்காக. அந்த வலைப் போட்டோவக் கொண்டாங்க, மாட்டுறேன். இல்லன்னா செவுரு சும்மாவே கெடக்கட்டும்.”

ஹோட்டலுக்குப் போனேன். பாரை இடித்துச் சீனச் சாப்பாட்டுக்கடை ஆக்குகிறார்களாம். படங்களை வாடிக்கைக்காரர்களே எடுத்துக்கொள்ளலாமாம். உன்னை ஒரு வெள்ளைக்காரக் கிழவன் ஏற்கெனவே கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். அவனுக்குச் சொந்த ஊர் நார்ஃபோக்காம். அது அவன் தாத்தாவின் படகாம். குனிந்திருப்பது அநேகமாகத் தாத்தாவேதானாம். மூக்கு அப்படியே இருக்கிறதாம். கோவாக்கார மானேஜர் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தான். என் மாப்பிள்ளை அது என்று நான் சொன்னதும், போய்யா என்பதுபோல் கையை வீசினான்.

நான் விடுவேனா? எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவன். படத்தைக் கவிழ்த்தேன், பேனாக்கத்தியால் பின்பக்க ஆணிகளை நெம்பினேன், மவுண்ட் அட்டையை உருவினேன். மானேஜர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பனைமரம் நின்றது. அதனடியில் டீ நிறத்தில் என் தங்கை, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு. உன் கையிலிருந்து போன வலை அவள் கையில் முடிந்தது.

“திஸ் ஆல்ஸோ யுவர் கிராண்ட்மதர், சார்?” என்றேன்.

கிழவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான். படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, ரொட்டிக்கடைக் குண்டனை எடுத்துக்கொண்டு போனான். நல்ல பொருத்தம்.

வாசலில் நின்றே பாக்கியத்துக்குப் போன் போட்டேன். படம் கிடைத்துவிட்டது என்றேன். அவள் கேட்டாள்: “நானும் இருக்கேனாண்ணே அதுல?”

இருக்கிறாய் என்றேன். வேறு கதை எதுவும் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை மாப்பிள்ளை.

இந்த லீவில் உன்னைக் கார்கோவில் போடாமல் மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். சட்டம் என் கையால்தான். இந்தத் தடவை மவுண்ட் அட்டை கிடையாது. ஓரம்வரை கண்ணாடி, பனைமரம் முழுசாக, அவள் முழுசாக. இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
காளிமுத்து