தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த படம்

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை குஷாய்குடா கடைவீதியில் ஒரு போன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பழைய போனின் முதுகு உப்பிவிட்டது. "பேட்டரி வீங்கியிருக்கு மாமா, இனி அதைத் தொடாதீங்க" என்று மருமகள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் புதுசு ஒன்றை என் கையில் வைத்து, "சாச்சா, இது தூரத்துல இருக்கிறதைப் பத்து மடங்கு கிட்ட இழுக்கும்" என்றார். ரோட்டுக்கு எதிரே ஒரு கொய்யாப்பழ வண்டிக்காரி. அவளுக்கு வெகு பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிற ஓர் ஆள். திரையில் மூன்று என்ற எண்ணைத் தொட்டேன். அந்த ஆள் மிதந்து வந்து அவள் தோளோரம் நின்றார். நிஜத்தில் அவர் அசையவேயில்லை. அதற்குமேல் எனக்குக் கடை தெரியவில்லை. சைனிக்புரியில் உங்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

அண்ணிக்கு ஞாபகம் கலைந்த பிறகு அந்த வாசலில் யாருக்கு என்ன பெயர் என்பதே மாறிப்போயிற்று. கேன்டீன் சமையலிலிருந்து ரிட்டயர் ஆகிச் சாயங்காலமானால் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிற நான் அவருக்குப் பால்காரன். கட்டிய புருஷனான நீங்கள் வாட்ச்மேன். "வாட்ச்மேன் எதுக்கு உள்ள வரார்? கேட்டாண்ட நிக்கச் சொல்லுங்க" என்பார் என்னிடம். நான் முழிப்பேன். நீங்கள் எழுந்து கேட்டருகே போய் நின்றுகொள்வீர்கள்.

"பார்டர்ல நின்னவனுக்கு இது ஒரு வேலையா? உன் பாடு தேவல, பால்காரன்னா வீட்டுக்குள்ள விடுறா" என்று சிரித்தீர்கள். ஆனால் நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். அதற்குச் சிரிப்பு வரவில்லை உங்களுக்கு.

உங்களுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு படம். "கல்யாண போட்டோதான் கூடத்துல மாட்டியிருக்கே அண்ணே" என்றதற்கு, "அது அந்த மூஞ்சி. இப்ப நான் குடித்தனம் பண்றது இந்த மூஞ்சியோட இல்லையாப்பா" என்றீர்கள்.

என் போனில்தான் எடுத்துப் பார்த்தோம். முதலில் அரை என்று போட்டிருக்கிற அகல லென்ஸில். வாசற்படியில் அண்ணி, கதவோரம் நீங்கள், எல்லாமே விழுந்தது. வீடு கல்யாண மண்டபம் போல விரிந்து, கேட்டுத் தூண் சாய்ந்து, நீங்கள் கட்டைவிரல் அளவுக்கு எங்கேயோ நின்றீர்கள். "இன்னாப்பா, என்னை மறுபடி பார்டருக்கே அனுப்பிட்ட" என்றீர்கள். அடுத்து ஒன்றில் வைத்து, முகம் தெரிய வேண்டுமென்று கிட்டே போனேன். போனைக் கண்டதும் அண்ணி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அழுதார். மூடுவதற்குள் விழுந்த படத்திலும் மூக்குதான் பெரிதாக இருந்தது. சில நாள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். பிறகு கொய்யா மரத்தடியில் நின்று இரண்டில் எடுத்தேன். கிட்டே போகவில்லை, அதனால் அண்ணி பயப்படவுமில்லை. எதிரே உட்கார்ந்து பேசும்போது எப்படித் தெரிவாரோ அப்படியே இருந்தார். நீங்கள் வெகு நேரம் பார்த்தீர்கள். அதில் நீங்கள் இல்லை.

ஒரு பனிக்காலக் காலையில் நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

"மூணுல வை. கேட்டைத் தாண்டிப் போ. ரோட்டையும் தாண்டு. எதிர்வீட்டுச் சுவராண்ட நில்லு."

"அவ்ளோ தூரமா? என்ன அண்ணே தெரியும்?"

"சொன்னதைச் செய்யேன்பா. பைனாகுலர்ல பாத்திருக்கேன். தூரத்துல நின்னு இழுத்தா மரமும் மலையும் ஒட்டிக்கிட்டு நிக்கும். நடுவுல ஒரு ஊரே இருக்கும், தெரியாது."

போய் நின்றேன். பனி பாதி கலைந்தும் கலையாமலும் இருந்தது. வெயில் மரத்துக்குள்ளிருந்து பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி முன்னால் நாற்காலியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவர் கண்ணில் படாமல் பின்சுவரோரம், சற்றே ஒதுங்கி, உங்கள் நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். நடுவில் அந்த வாசல் முழுக்க வெறுந்தரை. மூன்றைத் தொட்டேன். அந்த வெறுந்தரை துணியை மடித்தாற்போல மடிந்து காணாமல் போயிற்று. உங்கள் தோள் அண்ணியின் தோளருகே வந்து நின்றது. எங்கோ ஒரு கிளி கத்த, அவர் லேசாகத் தலையைச் சாய்த்தார். நீங்கள் ஏதோ சொல்ல, அதை அவர் கேட்பது போலிருந்தது. நான் மூச்சு விடாமல் எடுத்தேன். நல்ல வெளிச்சம்; அதே மூன்றில் சாயங்காலம் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக விழும்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தீர்கள். "பொய் சொல்லுது உன் போனு" என்றீர்கள்.

"நான் நின்ன இடத்துல இருந்து அப்படித்தான் தெரிஞ்சுது அண்ணே."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அப்ப எதிர்வீட்டுக்காரன் குடுத்து வச்சவன்" என்றீர்கள்.

அண்ணியிடம் காட்டட்டுமா என்றதும் திரையை உள்ளங்கையால் மூடிவிட்டீர்கள். "நக்கோப்பா, வேணாம். பக்கத்துல இது யாருன்னு கேட்டுட்டா?" எவ்வளவோ பார்த்த மனிதர், அந்த ஒரு கேள்விக்குப் பயந்தீர்கள். போகிற வரைக்கும் காட்டவேயில்லை. உங்கள் காரியமெல்லாம் முடிந்ததும் மகள் அண்ணியைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடையில் பத்து மடங்கு வேண்டாம் என்றுவிட்டேன். என் கை நடுக்கத்துக்கு அதில் உலகமே ஆடுகிறது. மூன்று வரைக்கும் போகிற ஒன்றை வாங்கிக்கொண்டேன். பழைய படங்களை இதில் ஏற்றும்போது அந்தப் படத்தைப் பார்த்த மருமகள், "மாமா, இதைப் பெங்களூர் அக்காவுக்கு அனுப்பட்டுமா?" என்றாள். திரையை மூடிய உங்கள் கை ஞாபகம் வந்தது. அனுப்பினால் அண்ணியும் பார்ப்பார். என்ன சொல்வாரோ. இருந்தாலும் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் உங்கள் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சித்தப்பா, காலையிலேர்ந்து சண்டை. நீங்களே கேளுங்க" என்று போனை அந்தப் பக்கம் திருப்பினாள். அண்ணி மடியில் அந்தப் படம், பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்தது. விரல் உங்கள் மேல் இருந்தது.

"இவர் எங்க வீட்டுக்காரர்" என்றார். அதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பிறகு விரல் பக்கத்துக்கு நகர்ந்தது. தன் முகத்தையே குத்திக் காட்டினார். "இந்தக் கிழவி யாரு? அவர்கிட்ட இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா? அவரும் ஒண்ணும் சொல்லாம இருக்காரே. வரட்டும், பேசிக்கிறேன்."

நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. அந்தக் கோபம் உங்களுக்கென்று வந்தது. நீங்கள் இல்லாததால் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.