ராட்சசனுக்கு உங்கள் நடை

எப்போதும் போல எனக்கு முன்பே மேடையைவிட்டு இறங்கிவிட்ட சேகர் அண்ணனுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பொம்மைப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மனைவி லலிதா அண்ணிதான் திறந்தார். "சும்மா கெடந்தா பூஞ்சை பிடிக்கும் தம்பி. அவரு ஆசப்பட்ட ஷோவப் போடுவோம்லா," என்றார். ராணி பொம்மையின் கயிற்றையும் அவரே பிடித்தார். வீட்டில் உங்களையே ஆட்டிவைத்தவருக்கு அது கஷ்டமா என்ன?

மேடையில் கயிற்றுப் பொம்மை, பின்னால் திரையில் கணினி ராட்சசன். சென்சார் வைத்த உடையைப் போட்டுக்கொண்டு ஒருவர் மறைவில் ஆடினால், ராட்சசனும் அப்படியே ஆடுவான். ஒத்திகையில் நீங்கள் போட்ட உடை இப்போது எனக்கு வந்தது. உங்கள் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது, என் மேல் தொளதொளவென்று தொங்கியது.

டத்தோ கிராமாட் மண்டபத்தில் நல்ல கூட்டம். ராணியின் டுரியான் பழத்தைத் திருட ராட்சசன் வரும் கட்டம். நான் காலெடுத்து வைத்ததும் முழங்கால் சென்சார் நழுவிவிட்டது. திரையில் ராட்சசனின் கால் தோளுக்கு மேல் ஏறிக்கொண்டது. இறக்கலாம் என்று குதித்தேன். அவன் தலைகீழாகிவிட்டான்.

"டுரியான் கீழ கெடக்கு. மேல என்னய்யா தேடுற?" என்றார் அண்ணி, ராணியின் குரலில். கூட்டம் சிரித்தது. எனக்கு வியர்த்தது.

கணினியைக் கவனித்துக்கொள்ள பாயான் பாருவிலிருந்து வந்திருந்த ஃபாத்திமா, "அசையாம நில்லுங்கண்ணே. சேகர் அண்ணன் ஒத்திகைல நடந்தது பதிவுல இருக்கு, அதப் போடுறேன்," என்று கிசுகிசுத்தாள்.

ராட்சசன் நிமிர்ந்தான். வயிற்றை முன்னால் தள்ளி நடந்தான். நடுவில் நின்று, இரண்டு கையாலும் இல்லாத கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அண்ணே, அது நீங்கள்.

ராணி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ராணியின் குரல் வரவில்லை, அண்ணியின் சொந்தக் குரலே வந்தது: "பெல்ட் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

மண்டபம் அதிர்ந்தது. அவர்களுக்கு அது வசனம். நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும், "அந்தக் கால்சட்ட இழுப்ப மட்டும் அழிச்சிரவா அக்கா? நடை சுத்தமா இருக்கும்," என்றாள் ஃபாத்திமா.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டிக்கிட்ட நாளா நானே மாத்த முடியல. நீ மாத்தப்போறியாக்கும்?"

உடையை என் அளவுக்குச் சுருக்கக் கொடுத்திருக்கிறேன் அண்ணே. சண்டையும் கூத்தும் நான் ஆடிக்கொள்கிறேன். ஆனால் ராட்சசன் நுழையும்போது நடந்து வருவது நீங்கள்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் அண்ணியிடம் திட்டு வாங்க உங்களைக் கூட்டிவந்து நிறுத்துவேன். இது சத்தியம்.

அந்தத் திட்டில் பாதியை வாங்கிக்கொள்ளும்
உங்கள் தம்பி,
முரளி