அம்மா மேல் சத்தியம்

பிப்ரவரி 9, ஞாயிறு. ஆரணி.

வெள்ளிக்கிழமை வேலூரில் அம்மாவுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. அதற்காகத்தான் போலந்திலிருந்து ஓடி வந்தேன். அவளோ பக்கத்து வீட்டுத் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள். "படுத்துகினே இருந்தா கட்டி கரைஞ்சிடுமா?" என்கிறாள். பயமெல்லாம் எனக்குத்தான்.

பெட்டியில் பதினோரு நோட்டு. அங்கே லூப்ளினில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுடையவை. தினம் ஐந்து வரி, மனதில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். திருத்த மாட்டேன், படித்துக் கையெழுத்து மட்டும் போடுவேன். இன்னும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றுதான் நோட்டுகளைத் திறந்தேன். ஹானியாவின் நோட்டில் கடைசிப் பக்கம்:

"பதினான்காம் தேதி பெர்லின் போகிறேன். மார்க் டிக்கெட் எடுத்துவிட்டார். அவருக்கு முப்பத்தொரு வயது. இன்னும் நேரில் பார்த்ததில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நீங்கள் உங்கள் அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறீர்கள்."

ஹானியாவுக்குப் பதினைந்து.

செய்தேன்தான். முதல் வகுப்பில் ஒருவரும் நோட்டைத் தரவில்லை, வீட்டில் சொல்லிவிடுவேனோ என்று. எங்கள் ஊரில் இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்: நீங்கள் எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன், என் அம்மா மேல் சத்தியம். "தவறினால் என்ன ஆகும்?" என்று கேட்டவளும் ஹானியாதான். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றேன். எல்லோரும் நோட்டைத் தந்துவிட்டார்கள். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு!

பிப்ரவரி 12, புதன்

சொல்லவில்லை. வகுப்பை நடத்தும் மார்த்தாவின் எண்ணை நான்கு முறை எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன்.

மூடநம்பிக்கை. தெரியும். ஆனால் எட்டாவது படிக்கும்போது, சினிமாவுக்குப் போகவில்லை என்று அம்மா மேல் பொய்ச் சத்தியம் செய்தேனே? மூன்றாம் நாள் வந்தவாசி ரோட்டில் பைக் இடித்து அவள் கால் முறிந்ததே? அது சும்மா நடந்ததா?

போகாதே என்று ஹானியாவுக்கே போனில் எழுதினேன். பார்த்தாள். என்னை பிளாக் செய்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லலாமா? அதற்குள் ரயில் ஏறியிருந்தால்?

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சத்தியத்தையும்தான்.

"எப்போலருந்து தெரியும் உனக்கு?"

"முந்தாநேத்துலருந்து."

"ரெண்டு நாளா என் மூஞ்சியைப் பார்த்துகினு உக்காந்திருக்கியா? அங்க ஒரு பொண்ணு நாசமாப் போவுது! உன்னோட பேஜாராப் போச்சுடி. ஜல்தி போன் போடு."

"நாளைக்கு உனக்கு ஆபரேஷன்மா..."

"எனக்கு ஒண்ணு ஆச்சின்னா கட்டியால ஆவும், உன் வாயால ஆவாது. படவேட்டம்மனாண்ட நான் பேசிக்கிறேன். போடு!"

போட்டேன். அங்கே விடிகாலை நான்கு மணி. தூக்கக் கலக்கத்தில் எடுத்த மார்த்தா, நான் பாதி சொல்வதற்குள்ளேயே எழுந்து உடை மாற்றும் சத்தம் கேட்டது. பேசி முடித்தபோது தோசை கருகியிருந்தது.

சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு மடங்காகிவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி. வேலூர்.

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் என்றார்கள். இப்போது பதினொன்றரை. கேட்டால், "வெயிட் பண்ணுங்க" என்கிறார்கள். மார்த்தாவிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

நான்தான். நான்தான் பண்ணிட்டேன். அம்மா தாயே, அவளை உட்டுடு. சத்தியம் பண்ணது என் வாய்தானே, மீறினதும் என் வாய்தானே, என்னைக் கேளு —

மாலை. ரத்தம் கொஞ்சம் அதிகம் போய்விட்டதாம். கண் விழித்துவிட்டாள். நாக்கு குழற முதலில் கேட்டது: "அந்தப் பொண்ணு?"

அப்புறம்தான் போனைப் பார்த்தேன். ஹானியா வீட்டில் இருக்கிறாள். அவள் போன் போலீஸிடம் இருக்கிறது. "நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அவளுக்குத் தெரியும். மறைக்க முடியவில்லை" என்று மார்த்தா எழுதியிருந்தாள்.

வெளியே வந்து அழுதேன்.

மார்ச் 8, சனி. லூப்ளின்.

வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஹானியா கடைசி வரிசையில். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, வழக்கம்போல ஐந்து வரி எழுதச் சொன்னேன். மணி அடித்ததும் எல்லோரும் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி யார் மேல் சத்தியம் செய்தால் நம்புவார்கள்?

விளக்கை அணைக்கப் போனேன். கடைசி மேசையில் ஒரு நோட்டு இருந்தது. ஹானியாவுடையது. இன்றைய தேதி போட்டு ஒரே வரி:

"உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

கையெழுத்து மட்டும் போடுகிற வழக்கத்தை விட்டு, கீழே எழுதினேன்: "நன்றாக இருக்கிறார். கண் விழித்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டார்."